பச்சை ஒளிக்குப் படிகம் படும் பாடு

பழைய ரகப் பச்சை லேசர் பேனா ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், பச்சை ஒளியை உமிழும் பொருள் எதுவும் உள்ளே இருக்காது. பேட்டரிக்கு அடுத்தாற்போல் ஒரு குறைகடத்தி டையோடு. அது தருவது 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. அந்த ஒளி, நியோடிமியம் கலந்த யிட்ரியம் வனடேட் என்ற சின்னஞ்சிறு படிகத்துக்குள் நுழைந்து 1064 நானோமீட்டர் லேசராக மாறுகிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒளிதான். அதோடு ஒட்டியபடி இன்னொரு படிகம் இருக்கிறது. பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் என்பது முழுப்பெயர். கேடிபி என்றே எல்லோரும் சொல்வார்கள். அந்தப் படிகத்தைத் தாண்டும்போது அலைநீளம் சரிபாதியாகி 532 நானோமீட்டர் ஆகிவிடுகிறது. பச்சை பிறப்பது அங்கேதான்.

அலைநீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். இந்த வித்தை 1961இல் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. அது எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு 1962 முடிவதற்குள் ஏறக்குறைய முழு விடையும் கிடைத்துவிட்டது. அப்படியென்றால் அதற்குப் பிறகான அறுபது ஆண்டுகளாக ஆய்வகங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? பெரும்பாலும் படிகம் வளர்த்தன, வளர்த்ததை உடையாமல் அறுத்தன, கருகாமல் காப்பாற்றின. ஒளியின் கதையாகத் தொடங்கியது சீக்கிரமே வேதியியல் கூடத்தின் கதையாகிவிட்டது என்பதே என் கருத்து. பாடநூல்கள் முதல் பாதியை விரிவாகச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை ஓர் அட்டவணையில் முடித்துவிடுகின்றன.

மைமன் 1960 மே மாதம் கலிபோர்னியாவில் முதல் ரூபி லேசரை இயக்கினார். அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் ஹில், பீட்டர்ஸ், வைன்ரைக் ஆகிய மூவரும் ரூபி லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகம் ஒன்றில் குவித்தார்கள். வெளிவந்த ஒளியை நிறமாலைமானியில் பிரித்து ஒளிப்படத் தகட்டில் பதித்தார்கள். சிவப்பு பெரிய திட்டாக விழுந்தது. 347.2 நானோமீட்டர் குறிக்கு நேராக ஒரு சிறு புள்ளி விழுந்தது. உள்ளே போன ஒளியில் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்குதான் மாறியிருந்தது. 1961 ஆகஸ்டில் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் அந்தப் படம் வந்தது. அம்புக்குறி இருக்கிறது, அது சுட்டும் இடத்தில் புள்ளியைக் காணோம். அச்சுக்குத் தயார் செய்தவர்கள் தூசி என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. ஒரு துறையின் முதல் சான்றே அச்சில் காணாமல்போனது.

லேசர் வரும்வரை யாருக்கும் இது ஏன் கண்ணில் படவில்லை? ஒளி என்பது மின்புலத்தின் அலைவு. பூமியில் விழும் நல்ல வெயிலின் மின்புலம் மீட்டருக்கு ஆயிரம் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அணுவுக்குள் எலக்ட்ரானைப் பிடித்துவைத்திருக்கும் புலமோ மீட்டருக்குப் பல்லாயிரம் கோடி வோல்ட். அந்தப் பிடிக்கு முன்னால் வெயில் எம்மாத்திரம்? எலக்ட்ரான் லேசாக அசைந்து, வந்த அதிர்வெண்ணிலேயே ஒளியைத் திருப்பித் தரும். குவித்த ரூபி லேசரின் புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் வரை போனது. அப்போதும் அது அணுவின் புலத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் எலக்ட்ரானின் அசைவு புலத்துக்கு நேர்விகிதமாக இருப்பதிலிருந்து கொஞ்சம் பிசகுவதற்கு அது போதும். அந்தப் பிசகில் புலத்தின் இருபடி சேர்ந்துவருகிறது. பிளஸ் ஒன் கணக்கில் கொசைன் இருபடியை எப்படி உடைப்போம் என்று நினைத்துப் பாருங்கள்: பாதி ஒரு மாறிலி, மறுபாதி இரட்டைக் கோணத்தின் கொசைன். அந்த இரட்டைக் கோணம்தான் இரட்டிப்பு அதிர்வெண்.

குவாண்டம் மொழியில் சொன்னால் கணக்கு இன்னும் எளிது. 1.165 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு போட்டான்கள் மறைந்து 2.33 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒன்று தோன்றுகிறது. இருபடி என்பதால் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. உள்ளே அனுப்பும் செறிவை இரு மடங்காக்கினால் வெளிவரும் இரட்டிப்பு ஒளி நான்கு மடங்காகும். அதனால்தான் ஒளியைத் துடிப்பாகச் சுருக்குவதும், ஊசிமுனையாகக் குவிப்பதும், லேசரின் இரு கண்ணாடிகளுக்கு நடுவிலேயே படிகத்தை வைத்துவிடுவதும்.

எந்தப் படிகமும் இதற்குத் தோதுப்படும் என்று எண்ணிவிட வேண்டாம். படிகத்துக்கு மையச் சமச்சீர் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அப்படிப்பட்ட படிகத்தில் புலத்தின் திசையைத் திருப்பினால் எலக்ட்ரானின் அசைவும் அப்படியே திரும்பியாக வேண்டும். ஆனால் இருபடிக்குக் குறி மாறத் தெரியாது. இரண்டும் ஒத்துப்போக ஒரே வழி, இருபடிப் பங்கு பூச்சியமாக இருப்பதுதான். படிக வகுப்புகள் 32. அவற்றில் 11 மையச் சமச்சீர் உள்ளவை; அவை முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். சாப்பாட்டு உப்பு தேறாது. சர்க்கரை தேறும். கண்ணாடி படிகமே அல்ல. அதன் உட்பகுதியிலும் இது நடக்காது.

சமச்சீர் சோதனையில் தேறிய படிகத்துக்கு அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. ஃபிராங்கனின் புள்ளி ஏன் அவ்வளவு மங்கலாக இருந்தது என்பதற்கும் அதுவே விடை. குவார்ட்ஸில் சிவப்பு ஒளியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.54. அதன் இரட்டிப்பான புறஊதாவுக்குச் சுமார் 1.57. புறஊதா கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்று பொருள். படிகத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் புதிதாகப் பிறக்கும் புறஊதா, முன் அடுக்குகளில் பிறந்து வந்துகொண்டிருக்கும் புறஊதாவோடு கூட வேண்டும். வேகம் வேறுபடுவதால் கட்டம் பிசகுகிறது. தேர்வடம் இழுப்பவர்கள் ஒரே மூச்சில் இழுக்காவிட்டால் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் தேர் நகராது. இங்கேயும் அதே கதிதான். குவார்ட்ஸில் சுமார் 7 மைக்ரோமீட்டர் வரை கூடிக்கொண்டே போன ஒளி, அடுத்த 7 மைக்ரோமீட்டரில் தேய்ந்து இல்லாமலாகிவிடும். படிகம் ஒரு செ.மீ. நீளமிருந்தும் பயனுள்ளது அந்த முதல் சில மைக்ரோமீட்டர்தான்.

1962இல் இதற்கு வழி கண்டார்கள். பெல் ஆய்வகத்தின் ஜோர்டுமைனும், ஃபோர்டு மோட்டார் ஆய்வகத்தின் மேக்கர், டெர்ஹ்யூன் குழுவினரும் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தார்கள். (கார் கம்பெனிக்கு ஒளியியலில் என்ன வேலை என்று கேட்கலாம், அந்தக் காலத்து அமெரிக்கக் கம்பெனிகள் இதற்கெல்லாம் பணம் ஒதுக்கின.) இரட்டை ஒளிவிலகல் உள்ள படிகத்தில் ஒரே நிற ஒளிக்கே தளவிளைவைப் பொறுத்து இரண்டு வேகங்கள் உண்டு. அவற்றுள் அசாதாரணக் கதிரின் வேகம், படிகத்துக்குள் அது போகும் கோணத்தைப் பொறுத்து மாறும். மூல ஒளியைச் சாதாரணக் கதிராகவும் இரட்டிப்பு ஒளியை அசாதாரணக் கதிராகவும் போகவிட்டு, படிகத்தை மெல்லத் திருப்பினால், ஏதோ ஒரு கோணத்தில் இரண்டின் வேகமும் சமமாகிவிடும். கட்டப் பொருத்தம் என்பது இதுதான். அந்தக் கோணத்தில் படிகம் முழுக்க ஒளி கூடிக்கொண்டே போகும். அதே ஆண்டு ஹார்வர்டில் புளூம்பெர்கன், ஆம்ஸ்ட்ராங், டூக்குவிங், பெர்ஷன் நால்வரும் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் கோட்பாட்டை முழுமையாக எழுதிவைத்தது. படிகத்தின் திசையை இத்தனை மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை தலைகீழாக்கினால் கட்டப் பிசகை ஈடுகட்டலாம் என்ற யோசனையும் அதிலேயே இருந்தது. அதைச் செய்துகாட்டும் பொருளும் கைத்திறனும் வர முப்பது ஆண்டுகள் பிடித்தன. புளூம்பெர்கனுக்கு 1981இல் நோபல் பரிசு.

ஜோர்டுமைனும் டெர்ஹ்யூனும் எடுத்தது கேடிபி (KTP) அல்ல, கே-டி-பி (KDP). பெயர்க் குழப்பம் இத்துறையில் சாதாரணம். டைட்டானியம் உள்ளது கேடிபி. இது பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், தண்ணீரில் கரையும் வெள்ளை உப்பு. இனி இதைப் பாஸ்பேட் உப்பு என்றே சொல்லிக்கொள்வோம். இதன் உறவுக்கார உப்பான அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவிகளுக்காக ஏராளமாக வளர்த்திருந்தார்கள். ஆகவே படிகம் வளர்க்கும் கைப்பழக்கம் தயாராக இருந்தது. இந்த உப்பு முதல் தேர்வானதற்கு அதன் ஆற்றல் காரணமல்ல. இரட்டிக்கும் திறனை அளக்கும் எண் அதற்கு வோல்ட்டுக்குச் சுமார் 0.4 பிக்கோமீட்டர்தான். லித்தியம் நியோபேட்டின் உச்ச மதிப்பு 25க்கும் மேல். ஆனால் பாஸ்பேட் உப்பைப் பெரிதாக வளர்க்க முடியும். அதை வேறெதுவும் விஞ்சவில்லை.

வளர்க்கும் வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். வெந்நீரில் உப்பைத் தெவிட்டும்வரை கரைத்து, நுண்துளை வடிகட்டியில் வடித்து, வெப்பம் துல்லியமாகக் காக்கப்படும் தொட்டியில் கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கிறார்கள். பழுதில்லாத ஒரு சின்ன வித்துப் படிகத்தை அதில் தொங்கவிடுகிறார்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு டிகிரியின் சிறு பின்னம் அளவுக்குக் குளிரவைக்க வேண்டும். கரைசலைச் சீராகக் கலக்கிக்கொண்டேயிருக்க வேண்டும். கலக்கும் திசையையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் படிகத்தின் ஒரு பக்கம் கரைசலுக்குப் பட்டினி கிடக்கும். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினால் திருப்தி. நடுவில் மின்சாரம் போய் வெப்பநிலை ஏறி இறங்கினால் படிகத்துக்குள் மேகம்போல ஒரு படலம் சிக்கிக்கொள்ளும். பாத்திரத்தின் அடியில் நூறு குட்டிப் படிகங்கள் முளைக்கும். அத்தனை நாள் உழைப்பும் வீண். நன்றாக வளர்ந்ததை எடுத்த பிறகும் கவலை தீராது. ஈரக்காற்று பட்டால் மெருகிட்ட முகம் பனித்து மங்கிவிடும். சென்னை மாதிரி ஊரில் அதை மூடிய உலர்பெட்டிக்கு வெளியே வைப்பதை எண்ணிப் பார்க்க முடியாது.

இந்த உப்பின் உச்சம் அமெரிக்காவின் லிவர்மோர் நகரிலுள்ள தேசிய எரிபற்று நிலையம். 192 லேசர் கற்றைகள். ஒவ்வொன்றும் 1053 நானோமீட்டர் அகச்சிவப்பாகப் பிறக்கிறது. குறுகிய அலைநீளம் இலக்கோடு நன்றாக இணையும். தேவையற்ற சூட்டு எலக்ட்ரான்களையும் குறைவாகவே கிளப்பும். அதனால் இலக்கைத் தொடுவதற்குமுன் ஒளியை 351 நானோமீட்டர் புறஊதாவாக மாற்றியாக வேண்டும். ஒரு படிகம் இரட்டிக்கிறது. அதற்கடுத்த படிகம், இரட்டித்ததையும் மிச்சமிருக்கும் மூலத்தையும் கூட்டி மும்மடங்காக்குகிறது. இதற்கான தகடுகள் சுமார் 40 செ.மீ. சதுரம், ஒரு செ.மீ. அளவு தடிமன். பழைய முறையில் இப்படிப்பட்ட தகடுகள் அறுக்கத் தகுந்த படிகம் வளர இரண்டு ஆண்டுகள் வரை ஆகும். அத்தனை தகட்டுக்கு எத்தனை தொட்டி, எத்தனை ஆண்டு? மாஸ்கோவில் தொடங்கி லிவர்மோரில் தொடர்ந்த நத்தாலியா சைத்சேவாவின் விரைவு வளர்ப்பு முறைதான் திட்டத்தைக் காப்பாற்றியது. கரைசலை முன்கூட்டியே நன்கு சூடாக்கி, கண்ணுக்குத் தெரியாத நுண்வித்துகளை எல்லாம் அழித்துவிட்டால், அதிக மீதெவிட்டிய நிலையிலும் தேவையற்ற படிகங்கள் முளைக்கா. 300 கிலோவுக்கு மேற்பட்ட படிகம் இரண்டு மாதத்தில் வளர்ந்தது. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் ஒளி உள்ளே போய் 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் வெளிவந்தபோது செய்திகள் அணுக்கரு இணைவைக் கொண்டாடின. அந்த 2.05 மெகாஜூலின் ஒவ்வொரு துளியும் உப்புப் படிகத்தைக் கடந்துதான் வந்தது.

லித்தியம் நியோபேட்டின் வரலாறு நேர்மாறானது. திறன் மிகுதி, ஈரம் ஒன்றும் செய்யாது. ஆனால் 1966இல் பெல் ஆய்வகத்தில் ஆஷ்கினும் குழுவினரும் பச்சை, நீல லேசரை அதற்குள் செலுத்தியபோது கற்றை சிதறிச் சீர்குலைந்தது. ஒளி பட்ட இடத்தில் ஒளிவிலகல் எண்ணே மாறியிருந்தது. தொல்லை என்று பதிவான இந்த விளைவுதான் பிற்பாடு படிகத்துக்குள் ஒளியால் ஹோலோகிராம் எழுதும் துறைக்கு மூலமானது. இரட்டிப்பவர்களுக்கோ அது தொல்லையாகவே நின்றது. படிகத்தைச் சூடாக வைத்தும், 5 சதவீத அளவுக்கு மெக்னீசியம் ஆக்சைடு கலந்தும்தான் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

புளூம்பெர்கன் குழுவின் பழைய யோசனை பலித்ததும் இந்தப் படிகத்தில்தான். லித்தியம் நியோபேட்டில் உள்ள நிரந்தர மின்முனைவை, மில்லிமீட்டருக்குச் சுமார் 21 கிலோவோல்ட் கொடுத்துத் தலைகீழாக்கலாம். தகட்டின்மேல் சீப்புப் பல்போல நுண்ணிய மின்வாய்களை அமைத்து 1993இல் சோனி ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். ஸ்டான்ஃபோர்டில் பையர், ஃபேஜர் ஆகியோர் இந்த வழியை வெகுவாக வளர்த்தார்கள். 1064 நானோமீட்டரை இரட்டிக்கச் சுமார் 7 மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை வரிசை திரும்ப வர வேண்டும். இதில் கோணம் தேடும் அவசியம் கிடையாது. படிகத்தின் மிகப் பெரிய திறன் எண்ணையே பயன்படுத்தலாம். படிகம் தருவதை ஏற்றுக்கொள்ளும் நிலை போய், வேண்டியதைப் படிகத்தில் எழுதிக்கொள்ளும் நிலை வந்தது. 1962க்குப் பிறகு இத்துறையில் நடந்த பெரிய திருப்பம் இதுதான் என்பேன். ஆனால் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டி இப்படிச் சீராகத் திருப்புவது கடினம். ஆகவே சிறிய லேசருக்கு இது ராஜா, 40 செ.மீ. கற்றைக்கு உதவாது.

கேடிபி 1976இல் டியூபாண்ட் கம்பெனி ஆய்வகத்திலிருந்து வந்தது. 1064 நானோமீட்டருக்கென்றே அளவெடுத்துத் தைத்தாற்போல் அமைந்த படிகம். நீண்ட நேரம் அதிகத் திறனில் ஓட்டினால் உள்ளே சாம்பல் நிறத் தடம் விழும் என்பது அதன் குறை. இன்னொரு தொல்லைக்குப் படிகம் மட்டும் பொறுப்பல்ல. 1986இல் டாம் பேயர் என்பவர், கண்ணாடிகளுக்கு நடுவே இரட்டிக்கும் லேசர்களில் பச்சை ஒளி தாறுமாறாகத் துடிப்பதை ஆராய்ந்தார். மூல லேசரில் ஒரே சமயத்தில் பல அதிர்வெண்கள் ஓடுகின்றன. அவை படிகத்துக்குள் ஒன்றோடொன்று கூடி ஒன்றின் ஆற்றலை மற்றொன்று பிடுங்குகின்றன. 'பச்சைச் சிக்கல்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. மலிவுப் பேனாக்களில் ஒளி நடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்பதுகளில் சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து போரேட் படிகங்கள் வந்தன. சென் சுவாங்தியன் குழுவினர் முதலில் பேரியம் போரேட்டையும், பிறகு லித்தியம் டிரைபோரேட்டையும் கண்டெடுத்தார்கள். கண்டெடுத்தது என்று சொல்வதுகூடச் சரியல்ல. எந்த வகை மூலக்கூற்றுத் தொகுதி இருபடி விளைவைப் பெரிதாகத் தரும் என்று கணக்கிட்டுத் தேடிப்போனார்கள். லித்தியம் டிரைபோரேட்டைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் வைத்தால் 1064 நானோமீட்டருக்குக் கோணமே திருப்பாமல் பொருத்தம் கிடைக்கும். அதிகத் திறனுள்ள பச்சை லேசர்களின் வயிற்றில் இன்று பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

பயன்களைப் பட்டியலிட்டால் முடியாது, இரண்டு மட்டும். நீரிழிவால் கெட்டுப்போகும் விழித்திரையை லேசரால் சுட்டுக் காப்பாற்ற ஒரு காலத்தில் ஆர்கான் வாயு லேசர் வேண்டியிருந்தது. நிறைய மின்சாரம் குடிக்கும், குளிர்விக்கும் ஏற்பாடும் தனியாக வேண்டும். இன்று 532 நானோமீட்டர் கருவி மேசைமேல் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாவது பயன் வானத்தில். சிலியிலுள்ள ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியிலிருந்து 2016 முதல் நான்கு மஞ்சள் கற்றைகள் மேலே போகின்றன. ஒவ்வொன்றும் 22 வாட். 90 கி.மீ. உயரத்தில் உள்ள சோடியம் அணுக்களை ஒளிரவைத்து, காற்று மண்டலத்தின் கலக்கத்தை அளக்கச் செயற்கை விண்மீன் உண்டாக்குகின்றன. 589 நானோமீட்டரில் நேரடியாக நல்ல லேசர் இல்லாததால், 1178 நானோமீட்டர் இழை லேசரை லித்தியம் டிரைபோரேட் இரட்டிக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ப்பு மையம் இந்தியாவில் இத்துறையின் முக்கியக் களங்களில் ஒன்று. அங்கு பணியாற்றிய பேராசிரியர் பெ. ராமசாமியும் சங்கரநாராயணனும் 2005இல் வெளியிட்ட வளர்ப்பு முறை அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் எஸ்ஆர் முறை எனப்படுகிறது. கண்ணாடிக் குழாயின் அடியில் வித்தை வேண்டிய திசையில் பொருத்தி, மேலே கரைசலை ஊற்றி, ஒரே திசையில் நீளமாக வளர்ப்பார்கள். கட்டப் பொருத்தக் கோணத்திலேயே வளர்த்தால் அறுத்து வீணாக்கும் பகுதி குறையும் என்பது இதன் அருமை.

அதே மூச்சில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் அமினோ அமிலத்தோடு ஏதாவதோர் உப்பைச் சேர்த்துப் புதிய இரட்டிப்புப் படிகம் வளர்த்ததாக வந்த கட்டுரைகள் ஏராளம். சோதனை பெரும்பாலும் ஒன்றுதான்: 1968இல் கர்ட்ஸ், பெர்ரி இருவரும் வகுத்த பொடிச் சோதனை. படிகத்தைப் பொடித்து 1064 நானோமீட்டர் துடிப்பைப் பாய்ச்சினால் பச்சை மின்னும். பாஸ்பேட் உப்பைவிட இத்தனை மடங்கு என்று எழுதிவிடலாம். அது ஆரம்பச் சல்லடை மட்டுமே. பொடியின் பருமன் மாறினால் எண்ணும் மாறும். படிகம் எவ்வளவு பெரிதாக வளரும், எத்தனை செறிவைத் தாங்கும், கட்டப் பொருத்தம் கிடைக்குமா என்பதை அது முழுதாகச் சொல்லாது. அதைவிட மோசம், சில சமயம் புதிய சேர்மமே உருவாகியிருக்காது. கிளைசினைச் சாப்பாட்டு உப்போடு கரைத்தால் காமா கிளைசின் என்ற வடிவம் படிகமாகும். உப்பு அதில் சேர்ந்திருக்காது. ஆனால் காமா வடிவத்துக்கு மையச் சமச்சீர் இல்லை என்பதால் பச்சை மின்னும். வழக்கமான ஆல்ஃபா வடிவம் மின்னாது. மின்னியதைப் பார்த்துப் புதுப்பெயர் சூட்டிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட குளறுபடிகளை ஃபிளெக், பெட்ரோசியன் இருவரும் 2010இல் படிக வளர்ச்சிக்கான ஆய்விதழிலேயே தொகுத்து எழுதினார்கள். எக்ஸ்-கதிர் கொண்டு அமைப்பைக் கண்டறியாமல் வரும் எந்தப் படிகப் பெயரையும் நம்பக் கூடாது என்பது என் நிலை.

பேனாவுக்கு வருவோம். 808ஐயும் 1064ஐயும் தடுக்கும் வடிகட்டியை மலிவுத் தயாரிப்பாளர்கள் விட்டுவிடுவது உண்டு. 2010இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் சோதித்த ஒரு மலிவுப் பேனாவிலிருந்து 20 மில்லிவாட் அகச்சிவப்பு கசிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை மூடாது, அதில்தான் ஆபத்து. 2009 வாக்கில் இண்டியம் காலியம் நைட்ரைடு டையோடுகள் நேரடியாகவே பச்சை உமிழத் தொடங்கின. பேனா அளவில் படிகத்தின் வேலை மெல்லப் பறிபோகிறது. அங்கே அது போவதில் எனக்கு வருத்தமில்லை.

டையோடு எட்டாத இடம் ஆழ்புறஊதா. பெரும்பாலான படிகங்களும் அங்கே ஒளியை விழுங்கிவிடும், அல்லது கட்டப் பொருத்தம் தராது. சென் குழுவினர் வளர்த்த பொட்டாசியம் பெரிலியம் ஃபுளோரோபோரேட் 200 நானோமீட்டருக்குக் கீழே நேரடியாக இரட்டித்து, 177.3 நானோமீட்டரைத் தந்தது. அதுவோ அடுக்கடுக்காகப் பிரியும் படிகம், சில மில்லிமீட்டர் தடிமன் வளர்ப்பதே பாடு, பெரிலியம் நஞ்சு. சீனா அதை வெளிநாடுகளுக்குத் தருவதை நிறுத்தியது பற்றி 2009இல் 'நேச்சர்' இதழ் எழுதியது. ஓர் உப்புக்கட்டி ராஜதந்திரப் பொருளாயிற்று. இப்போது அதைவிடக் கீழே ஓர் இலக்கு வந்திருக்கிறது. தோரியம்-229 அணுக்கருவை 148 நானோமீட்டர் ஒளியால் கிளர்த்தி அணுக்கருக் கடிகாரம் செய்ய முடியும் என்பதை 2024இல் மூன்று குழுக்கள் காட்டின. மூன்றுமே கடைசிப் படியில் அந்த ஒளியைச் செனான் வாயுவில்தான் உண்டாக்கின. வாயுவுக்குக் கட்டம் பிசகும் தொல்லை குறைவு, கருகும் பயமும் கிடையாது. ஆனால் அதற்கான வெற்றிடக் கருவிகள் மேசை முழுக்க அடைத்துக்கொள்ளும். அந்தக் கடிகாரம் ஆய்வகத்தை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் ஒரு படிகம் 148 நானோமீட்டரில் ஒளிபுகவும் வேண்டும், மையச் சமச்சீர் இல்லாமலும் இருக்க வேண்டும், கட்டப் பொருத்தமும் தர வேண்டும், கைக்கு அடங்கும் அளவுக்கு வளரவும் வேண்டும். ஃபுளோரின் சேர்ந்த போரேட்டுகளைச் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.